ஒரு படியும் ஒரு பாட்டில் தண்ணீரும்

என் அக்காவுக்கு அவள் அலுவலகத்தில் வைத்திருக்கும் பெயர் டேப். அளவெடுக்கிற இரும்பு டேப்பைச் சொல்கிறேன். சக்கர நாற்காலியின் இடது பையில் சீப்பு, கைபேசி, கைக்குட்டை எல்லாம் கிடக்கும். வலது பை டேப்புக்கு மட்டும். எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் வேலையாகக் கழிவறைக் கதவை அளப்பாள். நான் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்த பெண்ணின் வீட்டுக்கு முதன்முறை போனபோது, அவர்கள் இன்னும் நலம் விசாரித்து முடிக்கவில்லை, இவள் உள்ளே போய் டேப்பை இழுத்துவிட்டாள். "அறுபத்தி ரெண்டு. அப்ப நான் ஒரு மணி நேரம்தான் இருப்பேன்" என்றாள். அந்த வீட்டில் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

அவளைப் பற்றி வேறு யாராவது எழுதினால் 'தன்னம்பிக்கையின் சிகரம்' என்று ஆரம்பிப்பார்கள். ஒரு சங்கத்தின் விழாவில் அப்படி ஒரு சால்வையும் போர்த்தியிருக்கிறார்கள். மேடைக்கு நான்கு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள், ஏனென்றால் மேடைக்குச் சரிவுப் பாதை இல்லை. அவள் ஒலிபெருக்கியை வாங்கி, "எனக்குச் சிகரமெல்லாம் வேண்டாம். கக்கூசுக்குப் போக முடிஞ்சாப் போதும்" என்று சொல்லிவிட்டு அதைத் திருப்பிக் கொடுத்தாள். அதற்கப்புறம் அந்தச் சங்கத்தார் அவளைக் கூப்பிடுவதில்லை.

மூன்று வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய இரண்டு கால்களையும் வாங்கிக்கொண்டு போயிற்று. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. என்னைவிட நான்கு வயது மூத்தவள். பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் பழைய பதிவேடுகள் பிரிவில் வேலை. நாற்பது வருடத்துக்கு முன்னால் செத்துப்போன ஆளின் பெயரைச் சொன்னால், எந்த அலமாரி, எத்தனையாவது தட்டு என்று நாற்காலியைத் திருப்பாமலே சொல்வாள். அவள் ஒரு நாள் விடுப்பு எடுத்தால் அந்த அலுவலகத்தில் செத்தவன் செத்தானா இல்லையா என்பதே யாருக்கும் தெரியாது.

நான் இரும்புப் பட்டறைக்காரன். கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, இதுதான் என் உலகம். காலையில் அவளைப் பட்டறை வேனில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவதும் சாயங்காலம் கூட்டி வருவதும் என் பொறுப்பு. இவ்வளவு கிட்டத்தில் இருந்தும் அவளுடைய ஒரு விஷயம் எனக்கு ஆறு வருடம் தெரியாமல் இருந்தது. டாக்டர் அறையில்தான் தெரிந்தது.

அது அவளுக்குச் சிறுநீரகத்தில் கிருமி பிடித்து இரண்டாவது முறை காய்ச்சல் வந்த சமயம். டாக்டரம்மா பரிசோதனைத் தாளைப் பார்த்துக்கொண்டே, "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?" என்று கேட்டார். அக்கா வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"ஒரு லிட்டர் பாட்டில் நிரப்பிக் குடுத்து அனுப்புறேன் டாக்டர். சாயங்காலம் காலியாத்தான் வருது."

"அந்தத் தண்ணி இவங்க உடம்புக்குள்ள போகலையே."

அக்கா மின்விசிறியைப் பார்த்தாள். சுவரில் மாட்டியிருந்த சிறுநீரகப் படத்தைப் பார்த்தாள். கடைசியில் வேறு வழியில்லாமல், "ஆபீஸ் வாசல்ல ஒரு தொட்டிச் செடி இருக்கு. அதுக்கு ஊத்திடுவேன்" என்றாள்.

அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு வந்தது கோபம். "ஆறு வருஷமா நான் செடிக்கா தண்ணி காய்ச்சி, ஆற வச்சு, வடிகட்டிக் குடுத்தேன்?" என்றாள்.

விஷயம் இதுதான். அந்த அலுவலகத்துக் கழிவறைக் கதவின் அகலம் அறுபது சென்டிமீட்டர். அக்காவின் நாற்காலி அறுபத்தைந்து. அந்த ஐந்து சென்டிமீட்டருக்காக அவள் காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு மணிவரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. உதடு காய்ந்தால் நாக்கால் நனைத்துக்கொள்வாள். அந்தச் செடி மட்டும் தோட்டக்காரன் இல்லாத அலுவலகத்தில் தளதளவென்று நின்றது. நானே பலமுறை அதைப் பார்த்து, பரவாயில்லையே, நன்றாகப் பராமரிக்கிறார்கள் என்று மெச்சியிருக்கிறேன்.

டாக்டரம்மா நயமாகப் பேசுகிற ஆள் இல்லை. "மூணாவது தடவை வந்தா கிட்னி தாங்காது. மூணு மாசம் பாருங்க. அதுக்குள்ள அங்க ஒழுங்கான டாய்லெட் வரலன்னா வேலைய விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வேனில் வரும்போது, "விட்டுடேன் அக்கா. நான் பாத்துக்கறேன்" என்றேன். பெரிய மனுஷன் மாதிரிதான் சொன்னேன்.

"நீ என்னத்தப் பாப்ப? நான் வீட்டுல உக்காந்தா நாலு பேரு வந்து பாவம்னு சொல்லிட்டுப் போவாங்க. ஆபீஸ்ல ஒருத்தனும் பாவம்னு சொல்றதில்ல. எல்லாருக்கும் என்கிட்ட பயம். அந்தப் பயத்த விட்டுட்டு வீட்டுக்கு வரச் சொல்றியா?"

எனக்குப் பயமாக இருந்தது. இவள் அந்த வேலையை விட்டால் ஆறே மாதத்தில் வேறு ஆளாகிவிடுவாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த அலுவலகத்தில் சிறப்புக் கழிவறை என்று ஒன்று இல்லாமல் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்பே கட்டித் திறப்பு விழாவும் நடத்திவிட்டார்கள். கட்டியவர் ஒரு பொறியாளர். எதைக் கட்டினாலும் ரிப்பன் வெட்டாமல் விடமாட்டார் என்பதால் அவருக்கு ரிப்பன் என்று பெயர். கதவில் சக்கர நாற்காலிப் படம் போட்ட நீலப் பலகை, தெருமுனையிலிருந்தே தெரியும். கதவும் அகலம்தான், தொண்ணூறு. ஆனால் கழிவுக் குழாய் அடியில் போவதால் அந்த அறையின் தரை பதினைந்து சென்டிமீட்டர் உயரம். அதற்கு வாசலில் அழகாக ஒரு படி வைத்திருந்தார். கதவு உள்பக்கமாகத் திறக்கும். நாற்காலி உள்ளே போய்விட்டால் கதவைச் சாத்த முடியாது.

"திறந்து வச்சுக்கிட்டே போகவா சார்?" என்று அக்கா அப்போதே கேட்டிருக்கிறாள்.

"அந்தப் பக்கம் அவ்வளவா யாரும் வர மாட்டாங்க மேடம்" என்றாராம் ரிப்பன்.

அதற்கப்புறம் அந்த அறையில் துடைப்பமும் கால் உடைந்த நாற்காலிகளும் குடியேறின. கால் இல்லாத நாற்காலிக்கு இடம் கொடுத்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது.

டாக்டர் சீட்டோடு ஒரு மனுவும் எழுதி எடுத்துக்கொண்டு அக்கா மேலாளர் அறைக்குப் போனாள். மனு இந்த மேஜையிலிருந்து அந்த மேஜைக்குப் போவதற்கே ஒரு மாதம் ஓடிவிட்டது. பிறகு ஒரு நாள் ரிப்பனும் மேலாளரும் அக்காவைக் கூப்பிட்டுப் பேசினார்கள். நான் அவளைக் கூட்டிப்போக வந்தவன், கதவோரம் நின்றேன்.

"எல்லாம் விதிப்படிதான் இருக்கு. இதுக்கு மேல என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல" என்றார் ரிப்பன்.

"தெரியலன்னு சொன்னதுக்கு நன்றி. என் தம்பி செய்வான்" என்றாள் அக்கா.

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். வேறு தம்பி யாரும் நிற்கவில்லை.

வெளியே வந்ததும், "எனக்குத் தெரிஞ்சதெல்லாம் கேட் போடறதுதான் அக்கா" என்றேன். "கேட் எதுக்குடா? ஆளு உள்ள போக, வெளிய வர. இதுவும் அதுதான்" என்றாள்.

சரி என்று இறங்கினேன். உள்ளே திறக்கும் கதவைக் கழற்றி எறிந்துவிட்டு, பக்கவாட்டில் தள்ளுகிற கதவு போட்டேன். படிக்கு மேலே இரும்புத் தகட்டில் சரிவுப் பாதை செய்தேன். ஒரு மீட்டர் இருபது நீளம். அதற்கு மேல் இழுக்க வழியில்லை, நடையில் மேலாளரின் இரும்பு பீரோ நின்றது. அதை நகர்த்தக்கூடாது என்று உத்தரவு. அந்த பீரோவுக்குப் பின்னால்தான் அவர் மத்தியானம் கண்ணயர்வார் என்பது ஊரறிந்த ரகசியம். கழிவறை இருக்கையை நாற்காலி உயரத்துக்குத் தூக்கி வைத்தேன். சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி. என் மாடிப்படிக் கைப்பிடிகள் எல்லாம் எந்த உயரமோ அதே உயரம். பளபளவென்று இருந்தது.

வேலையில் நான் ஏனோதானோ என்று இருக்கிறவன் இல்லை. வீட்டில் கிடந்த அக்காவின் பழைய நாற்காலியைக் கொண்டுவந்து, செருப்பைக் கழற்றிவிட்டு அதில் உட்கார்ந்து, சரிவில் ஏறிப் பார்த்தேன். சும்மா சர்ரென்று ஏறிற்று. பத்து தடவை ஏறினேன். நாற்காலியிலிருந்து இருக்கைக்கு மாறிப் பார்த்தேன், ஒரு சிரமமும் இல்லை. இதற்கா அக்கா இத்தனை வருடம் இந்தப் பாடு படுகிறாள் என்றுகூட நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இப்போது என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

டாக்டர் சொன்ன கெடு முடிய எட்டு நாள் இருக்கும்போது ஒத்திகை வைத்தோம். மேலாளர், ரிப்பன், பியூன், பதிவேட்டுப் பிரிவு முழுக்க நடையில் கூடிவிட்டது. ரிப்பன் சட்டைப் பையில் கத்தரிக்கோல் வைத்திருந்தார்.

அக்கா சரிவில் சக்கரத்தைத் தள்ளினாள். பாதி தூரம் போனாள். நின்றாள். நாற்காலி அப்படியே பின்னால் உருண்டு கீழே வந்தது. இன்னொரு தடவை. அதேதான். மூன்றாம் தடவை கழுத்து நரம்பு புடைத்தது, முக்கால்வாசி போய் மறுபடியும் கீழே வந்தாள்.

எனக்கு மானம் போயிற்று. மானம் போனால் மனுஷனுக்கு வாய் எங்கே நிற்கும்? "நல்லாத்தான் போட்டிருக்கேன். நீதான் தின்னு தின்னு குண்டாயிட்ட" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

அக்கா கோபப்படவில்லை. அவள் கோபப்படாவிட்டால்தான் பயப்பட வேண்டும். "சரி. நீ ஏறிக் காட்டு" என்றாள்.

செருப்பைக் கழற்றிவிட்டுப் பழைய நாற்காலியில் உட்கார்ந்தேன். ஏறினேன். சர்ரென்றுதான். கூட்டம் கைதட்டியது, ரிப்பன்கூடத் தட்டினார். நான் மேலே நின்றுகொண்டு அக்காவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, மத்தியானம் நீங்க ஆடுற கேரம் போர்டு பவுடர எடுத்துட்டு வாங்க" என்று பியூனிடம் சொன்னாள். அவர் டப்பாவைக் கொண்டுவந்ததும், சரிவு முழுக்க வெள்ளையாகத் தூவச் சொன்னாள். "இப்ப ஏறுடா."

ஏறினேன். இறங்கி வந்து எல்லாரோடும் நானும் குனிந்து பார்த்தேன். பவுடரில் இரண்டு பக்கமும் சக்கரத்தின் கோடு. நடுவில், ஒரு சாண் இடைவெளி விட்டு விட்டு, என் வலது கால் கட்டை விரல். ஐந்து இடத்தில்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தெரியாது. கால் நாற்காலியின் கால் வைக்கும் தட்டில்தான் இருந்தது என்று கோவிலில் அடித்துச் சொல்லியிருப்பேன். சக்கரம் தயங்குகிற ஒவ்வொரு தடவையும் அந்த விரல் என்னைக் கேட்காமலே இறங்கி ஒரு உந்து உந்திவிட்டு, யோக்கியன் மாதிரி மறுபடியும் தட்டில் போய் உட்கார்ந்திருக்கிறது. கையும் களவுமாகப் பிடிபட்டது என் கால்தான்.

"பெல்ட்டக் கழட்டு" என்றாள் அக்கா.

"இங்கயா?"

"பேன்ட் விழாம நான் பாத்துக்கறேன். கழட்டு."

என் பெல்ட்டாலேயே என் இரண்டு காலையும் சேர்த்து நாற்காலியின் தட்டோடு கட்டினாள். இறுக்கமாக. சின்ன வயதில் நான் அவளுடைய சாக்லேட்டைத் திருடியதற்கெல்லாம் சேர்த்துக் கட்டியது மாதிரி இருந்தது. மறுபடியும் சரிவில் தள்ளினேன். பாதி தூரம்கூடப் போகவில்லை. பின்னால் உருண்டு போய் ரிப்பனின் கால்மேல் ஏறி நின்றேன். அந்த அலுவலகம் கட்டிய நாளிலிருந்து அங்கே அப்படி ஒரு சிரிப்பு கேட்டிருக்காது.

"பியூன் அண்ணே, இவன உள்ள தள்ளி விடுங்க. மிச்சத்தையும் பாத்துடுவோம்."

அவர் தள்ளிவிட்டார். அக்கா என் காலைத் தட்டிலிருந்து மட்டும் விடுவித்து, இரண்டு காலையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டும்படி அவரிடம் சொன்னாள். "இப்ப இருக்கைக்கு மாறு. காலத் தரையில ஊனாம மாறு" என்றாள். அவர் வெளியே போனதும் கதவைத் தள்ளிச் சாத்தினார்கள். நன்றாகத்தான் சாத்திக்கொண்டது. அது ஒன்றுதான் நான் உருப்படியாகச் செய்தது.

கம்பியைப் பிடித்தேன். அப்போதுதான் உறைத்தது. அது நிற்கிறவனுக்குப் போட்ட கம்பி. உட்கார்ந்திருந்த எனக்கு நெஞ்சு உயரத்தில் இருந்தது. கால் இருக்கிறவன் கம்பியை இழுத்து எழுந்திருப்பான். கால் இல்லாதவளுக்கு இழுப்பதற்குக் கம்பி வேண்டாம், கையை ஊன்றி உடம்பைத் தூக்கி நகர்த்த வேண்டும். அதற்குக் கம்பி கீழே, இருக்கைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். நான் இழுத்தேன், நாற்காலி நழுவிற்று, நாற்காலிக்கும் இருக்கைக்கும் நடுவில் சொத்தென்று விழுந்தேன்.

ஈரத் தரையில் மல்லாக்கக் கிடந்தேன். கம்பி தலைக்கு மேலே பளபளத்தது, எட்டவில்லை. கதவுக் கைப்பிடியும் எட்டவில்லை. காலை அவிழ்க்கலாம் என்று பார்த்தால், அக்கா சொல்லி பியூன் போட்ட முடிச்சு. வெளியே யாரோ டீ குடிக்கப் போகலாமா என்று பேசினார்கள். நானோ, காலையிலிருந்து பதற்றத்தில் மூன்று டீ குடித்திருந்தேன்.

"அக்கா" என்றேன் கதவைப் பார்த்து. "கதவத் திற. எனக்கு அவசரம்."



"எனக்கு ஆறு வருஷமா அவசரம்டா" என்றாள்.

கேலியாகச் சொல்லவில்லை. சாதாரணமாக, நேரத்தைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். வெளியே சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். நான் தரையில் கிடந்தபடியே அழுதேன். கால் கட்டியிருந்ததால் அழுதேன் என்று பிறகு சொல்லி வைத்தேன். அது பொய்.

கதவைத் திறந்தார்கள். எழுந்து, பெல்ட்டை மாட்டி, மேலாளரிடம் நேராகப் போனேன். "சார், சரிவு ஒரு மீட்டர் எம்பது வேணும். இன்னும் அறுபது சென்டிமீட்டர். பீரோவ எடுங்க."

"அது வந்து தம்பி, அந்த பீரோ…"

"சார், அதுக்குப் பின்னால நீங்க தூங்குறது எல்லாருக்கும் தெரியும்" என்றாள் அக்கா. "தாராளமாத் தூங்குங்க. நாங்க சத்தம் போட மாட்டோம்."

பீரோ அன்றைக்கே நகர்ந்தது. அடுத்த ஆறு நாளும் நான் காலைக் கட்டிக்கொண்டுதான் வேலை செய்தேன். வெல்டிங் வைப்பேன், கட்டிக்கொள்வேன், ஏறுவேன், விழுவேன், அவிழ்ப்பேன், மாற்றுவேன். கம்பியை மூன்று தடவை கீழே இறக்கினேன். நாற்காலி ஒட்டி வருகிற பக்கத்துக் கம்பியை மடக்கித் தூக்குகிற மாதிரி செய்தேன். தரையில் விழுந்தாலும் இழுத்துக் கூப்பிட மணிக்கயிற்றைத் தரைவரை விட்டேன். கண்ணாடியைக் கீழே இறக்கியபோது ரிப்பன் வந்து, தலை தெரியவில்லையே என்றார். நீங்கள் உட்காருங்கள் சார் என்று என் நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்து பார்த்தார். அதன்பிறகு மிச்சமிருந்த நான்கு நாளும் அவர் வந்து டேப்பின் மறுமுனையைப் பிடித்தார்.

கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால், காலை பதினோரு மணிக்கு, அக்கா தன் மேஜையில் பாட்டிலைத் திறந்தாள். பிரிவு முழுக்கப் பதிவேட்டைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தது. பாதி பாட்டிலைக் குடித்தாள். ஒரு ஏப்பம் விட்டாள். அரை மணி நேரம் கழித்து நாற்காலியைத் திருப்பி நடையில் போனாள், சரிவில் ஏறினாள், கதவைச் சாத்தினாள். ரிப்பன் கத்தரிக்கோலை எடுத்தார். நான் பார்த்த பார்வையில் உள்ளே வைத்துவிட்டார்.

ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து ஆயிற்று. மேலாளர் நகத்தைக் கடித்தார். "அக்கா, விழுந்துட்டியா?" என்றேன்.

"இல்லடா. சும்மா உக்காந்திருக்கேன். போய் அவங்கவங்க வேலையப் பாருங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

டாக்டரம்மா அடுத்த பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "ம்" என்று மட்டும் சொன்னார். அவர் வாயிலிருந்து அதுவே பெரிய பாராட்டு. அம்மா இப்போது இரண்டு பாட்டில் கொடுத்தனுப்புகிறாள். நான் இந்த மாதிரி வேலை எங்கே எடுத்தாலும் காலைக் கட்டிக்கொண்டுதான் சோதிக்கிறேன். பட்டறைக்கு வருகிறவர்கள் எனக்குக் கிறுக்கு பிடித்துவிட்டதென்று நினைத்துக்கொள்கிறார்கள்.

போன வாரம் சாயங்காலம் அவளைக் கூட்டிவரப் போயிருந்தேன். வாசலில் பியூன் கவலையோடு குனிந்து நின்றார். அந்தத் தொட்டிச் செடி இலையெல்லாம் பழுத்து, தலை தொங்கிப்போய் நின்றது.

"என்னன்னு தெரியல மேடம். ஆறு வருஷமா நல்லா இருந்துச்சு. திடீர்னு காயுது" என்றார்.

அக்கா செடியைப் பார்த்தாள். பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் குலுக்கினாள். அடியில் ஒரு வாய்த் தண்ணீர் இருந்தது. மூடியைத் திறந்து, அதையும் தானே குடித்தாள்.

"நாளையிலேர்ந்து நீங்க ஊத்துங்க அண்ணே" என்றாள். "எனக்கே பத்தல."